மூன்றாவது பம்பு

இந்தக் காலத்தில் எவனும் எதையும் பழுது பார்ப்பதில்லை. மாற்றுகிறான். செருப்பு வார் அறுந்தால் செருப்பை மாற்றுகிறான். மின்விசிறி முனகினால் மின்விசிறியை மாற்றுகிறான். பல் ஆடினால் வாயையே மாற்றிவிடுவான் போலிருக்கிறது. ஏன் அறுந்தது, ஏன் முனகியது என்று கேட்க ஒரு நாதி இல்லை. கேட்டால், "பெருசு, உங்களுக்குப் புரியாது" என்று கைபேசியைத் தேய்த்துக்கொண்டே போய்விடுகிறான். அவனுக்கே புரியவில்லை என்பதுதான் சங்கதி. புரியாததை மறைக்கத்தான் புதுச் சாமானைத் தலையில் கட்டுகிறான்.

ஊரில் உள்ளவன் அப்படி இருந்தால் தொலையட்டும் என்று விடலாம். சொந்த மருமகனே அப்படி வாய்த்துவிட்டானே என்பதுதான் பெரியவருக்கு ஆறவில்லை.

அன்று பாலத்தின் நட்டநடுவில் மகள் ஓட்டி வந்த கார் மூச்சை நிறுத்தியது; பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் பிரேக் போட்டுக் கிரீச்சிட்டு நின்றது. அந்தக் கார் இப்போது கயிறு கட்டி இழுத்து வரப்பட்டு, மருமகனின் மெக்கானிக் ஷெட்டில் பின்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. மகள் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. வேலைப் பெட்டி இன்னும் காரின் முன் சீட்டிலேயே கிடந்தது.

பெரியவர் உள்ளே வந்தார். வலது கையில் ஒரு புதுப் பூட்டு. உள்ளங்கைக்கு அடங்காத பூட்டு.

தெருவில் அவருக்குப் பெயரே 'பூட்டு'தான். லாரி ஓட்டிய காலத்தில் கிளீனர்கள் ரப்பர் குழாய் வைத்து டீசலை உறிஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து வந்த குணம். அரிசி டப்பாவுக்குப் பூட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பூட்டு, வாசலில் செருப்பு வைக்கும் பெட்டிக்கும் பூட்டு. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குவதை வைத்தே அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய மூத்த மகனின் பேச்சுக்கும் அந்த வீட்டில் பூட்டுதான். எங்கோ கண்காணாத தூரத்தில் இருக்கிறான் என்று ஒருமுறை மனைவி சொன்னாள். அதோடு சரி. அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை.

"என்ன மாப்பிள்ளை, இந்தத் தடவையும் பம்புதானா?"

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் பதில் சொல்லின.

"பம்புதான் மாமா."

"அப்ப மூணாவது."

"எனக்கும் எண்ணத் தெரியும் மாமா."

"எண்ணத் தெரியுது, ஒழுங்கா மாட்டத் தெரியலையே! எந்தக் கடையில எந்தக் குப்பையை வாங்கி மாட்டினீங்களோ? இன்னைக்கு என் பொண்ணு முழுசா திரும்பி வந்திருக்கான்னா, அது அந்த லாரிக்காரன் காலுக்கு நான் செய்ய வேண்டிய கும்பிடு. உங்களுக்கு இல்ல."

"அப்பா, போதும்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. இங்க பாருங்க மாப்பிள்ளை. நான் லாரி நிறுத்தின இந்த இடத்தை, பொண்ணைக் கட்டிக்கிட்டவர் பிழைக்கட்டும்னு விட்டுக் கொடுத்தேன். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும். பம்பு போச்சுங்கறது காரணம் இல்ல. ஆளு செத்துட்டான்னு சொல்ல டாக்டர் எதுக்கு? எதனால செத்தான்? அதைக் காட்டணும். காட்டலைன்னா இந்தப் பூட்டு ஷெட்டுக் கதவுல தொங்கும். நீங்க வேற இடம் பார்த்துக்கங்க. என் பொண்ணு உங்க கை பட்ட வண்டியில இனி ஏற மாட்டா."

பூட்டை ஸ்டூலின் மேல் நங்கென்று வைத்தார். மகள் திடுக்கிட்டு எழுந்தாள். அப்பா கோபக்காரர் என்பது தெரியும். பூட்டை முன்கூட்டியே கடையில் வாங்கி வைத்துக்கொண்டு கோபப்படுவார் என்பது தெரியாது.

மருமகன் மெதுவாக வெளியே ஊர்ந்து வந்தான். முகமெல்லாம் கரி. வழக்கமாக எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன், இன்று அதை எங்கோ தொலைத்திருந்தான். பலகையின் மேல் கிடந்த மூன்று பம்புகளை எடுத்துக் காட்டினான். மூன்றையும் ரம்பத்தால் அறுத்துத் திறந்திருந்தான்.

"பாருங்க. மூணும் ஒரே மாதிரி உள்ளுக்குள்ள கருகியிருக்கு. மட்டமான சாமான்னா ஒண்ணு ஒயர் விட்டுப்போகும், ஒண்ணு இறுகிப்போகும். மூணும் சொல்லி வச்ச மாதிரி கருகாது. அதுவும் ஒண்ணு வண்டியோட வந்தது, மத்த ரெண்டும் வேற வேற கடையில வாங்கினது."

"ஏன் கருகுது?"

"இந்தப் பம்பு டேங்குக்குள்ள பெட்ரோல்லயே முங்கிக் கிடக்கும். பெட்ரோல் உள்ள ஓட ஓடத்தான் அது சூடு தணியும். இழுத்து இழுத்துப் பார்த்தும் பெட்ரோல் வரலைன்னா சுத்திச் சுத்தியே வெந்து போகும். ஆனா டேங்குல பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு மாமா. கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டே தாகத்துல செத்த மாதிரி இருக்கு."

"வசனம் நல்லா வருது."

"வசனம் இல்ல மாமா, எனக்கே பைத்தியம் பிடிக்குது. பில்டரைக் கழட்டிப் பார்த்தேன், சுத்தம். பம்புக்குக் கரண்ட் விடற ரிலேயை மாத்திப் பார்த்தேன். ஒயர்ல கரண்ட் சரியா வருதான்னு மீட்டர் வச்சுப் பார்த்தேன். பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்னு பாட்டில்ல பிடிச்சுத் தெளிய வச்சுப் பார்த்தேன். எல்லாம் சரி. ஷெட்டுல எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் பட்டு மாதிரி ஓடுது. ரோட்டுக்குப் போய்க் கொஞ்ச தூரம் ஓடினா மூச்சு வாங்குது. இன்னைக்கும் புதுசு ஒண்ணை மாட்டித் தெருவுல ஒரு சுத்து போய்ட்டு வந்தேன், அதே கதை."

"ஷெட்டுக்குள்ள நல்லவன், ரோட்டுக்குப் போனா கெட்டவன். சில ஆம்பளைங்களும் அப்படித்தான்."

மருமகன் அந்த அடியை வாங்கிக்கொண்டான். "இதுவரைக்கும் பின் சீட்டைத் தூக்கிட்டு மேல இருந்துதான் பம்பை மாத்தினேன். இன்னைக்கு டேங்கையே இறக்கிப் பார்த்துடறேன். மூடியைத் திறங்க மாமா, பெட்ரோலை வடிக்கணும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதற்கு முந்தைய இரண்டு தடவையும் கார் ஷெட்டுக்குள் வரும் முன்பே, பெரியவர் வாசலில் நிறுத்திக் குழாய் போட்டு, பெட்ரோலைத் தன் கேனில் வடித்து, கேனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் காரைக் கொடுத்தார். மருமகன் கையில் காரை நம்பிக் கொடுக்கலாம், பெட்ரோலை எப்படி நம்பிக் கொடுப்பது? இன்று பாலத்துச் செய்தி கேட்டுப் பதறி ஓடியதில் அந்தக் காரியம் விட்டுப்போயிருந்தது.

சாவிக்கொத்தில் அந்தச் சாவியைத் தேடினார். பெட்ரோல் மூடிக்கும் பூட்டுதான். கார் வாங்கியபோது இருந்தது சாதா மூடி. பிறகு பெட்ரோல் முள் கணக்குக்கு மீறி இறங்கத் தொடங்கியது. மகள் தினமும் போகிற வீடுகளைக் கேட்டு, அதற்கு எவ்வளவு குடிக்கும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்து, முள் காட்டும் கண்ணாடியின் மேல் பேனாவால் கோடு கிழித்து வைத்தார். எப்போதாவது ஒரு நாள் முள் கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு இறங்கி நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே நகக்கண். களவு!

அன்றைக்கே பழைய சாமான் சந்தைக்குப் போய், ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பூட்டு மூடி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. முடுக்கிவிட்டால் பெட்ரோல் வாசனைகூட வெளியே வராது. அதன் பிறகு மகள் பெட்ரோல் போடப் போகும்போதெல்லாம் இவரும் கூடவே போவார். அவள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, இவர் இறங்கிப் போய்த் திறந்து, போட்டு முடித்ததும் பூட்டிவிட்டு ஏறுவார். முள்ளும் அதன் பிறகு கோட்டை மீறவில்லை. பூட்டின் மகிமை!

சாவியைத் திருகினார்.

"உஸ்ஸ்ஸ்ஸ்..." என்று நீளமாக ஒரு சீறல். உடனே காருக்கு அடியில் "டொம்!" என்று ஒரு சத்தம். ஷெட்டின் தகரச் சுவர்கள் அதிர்ந்தன.

போல்ட்டைத் தளர்த்த மறுபடி அடியில் நுழைந்திருந்த மருமகன், "ஐயோ!" என்று அலறிக்கொண்டு உருண்டு வெளியே வந்தான். வந்த வேகத்தில் நெற்றி பம்பரில் மோதியது.

"என்னத்தை மாமா தலைக்கு மேல போட்டீங்க?"

"நான் எதைப் போட்டேன்? மூடியைத் திறந்தேன்."

"திறந்தா வெடிக்குமா?"

"வெடிச்சதெல்லாம் உங்க பக்கம். என் பக்கம் எப்பவும் வர்ற சீறல்தான் வந்துச்சு. பெட்ரோல் வீரியமா இருக்குதுன்னு அர்த்தம். ஆவியைக்கூட வெளிய விடாம பூட்டியிருக்கேன் இல்ல? திறந்தா சீறத்தானே செய்யும்?"

மகள் பெட்ரோல் வடிக்கும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் சத்தத்துக்குப் பயந்த மாதிரி தெரியவில்லை. குழாய் நுனியில் சுற்றியிருந்த கந்தல் துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கற?" என்றார் பெரியவர்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள்.

பெட்ரோலை வடித்தார்கள். டேங்கை இறக்கினார்கள். வெளிச்சத்துக்கு இழுத்து வந்து திருப்பிப் போட்டதும் மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

டேங்கின் அடிவயிறு ஒட்டிப் போயிருந்தது. பட்டினி கிடந்த நாயின் வயிறு போல உள்வாங்கி, நடுவில் ஒரு நீள மடிப்பு. யாரோ முழங்காலைப் போட்டு ஏறி அழுத்தியது போல.

பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். வார்த்தை கொதித்துக்கொண்டு வந்தது.

"ஜாக்கியை எங்க வச்சீங்க?"

"மாமா?"

"ஜாக்கியை எங்க வச்சுத் தூக்கினீங்கன்னு கேட்கறேன்! டேங்குல வச்சுத் தூக்கியிருக்கீங்க! வயித்தை நசுக்கினா பம்பு எங்க உட்காரும், எதைக் குடிக்கும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூணு பம்பையும் கொன்னது நீதான்! என் பொண்ணையும் பாலத்துல கொல்லப் பார்த்தது நீதான்!"

நீ!

மாப்பிள்ளை பார்க்க வந்த நாளிலிருந்து பெரியவர் எத்தனையோ திட்டியிருக்கிறார். ஒருநாளும் 'நீங்க' தவறியதில்லை. சொன்ன வார்த்தை ஷெட்டுக்குள் கீழே விழுந்த கண்ணாடி போலக் கிடந்தது. எடுக்கவும் ஆளில்லை, மிதிக்கவும் ஆளில்லை.

"ஜாக்கி அங்க படவே இல்ல" என்றான் மருமகன். அவன் மாமனாரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

அவள் டேங்கைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். "ஏங்க... அவசரத்துல ஒரு தடவை லேசா பட்டிருக்குமோ? உண்மையைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். மருமகன் முகத்தில் இருந்த கரியையும் மீறி ஏதோ ஒன்று வெளுத்துப் போயிற்று. மூலையில் கிடந்த கோணிப்பையை உதறினான். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே போட ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"இடத்தைக் காலி பண்றேன். பொழுது சாயறதுக்கு எதுக்குக் காத்திருக்கணும்? மாமா நீன்னு சொன்னாரு, பரவாயில்ல, பெரிய மனுசன் வாய் தவறுச்சு. நீயும் கேட்டே பாரு, அதுக்கப்புறம் இங்க எனக்கு என்ன வேலை?"

"நான் கேட்டது..."

"கேட்டுட்டே."

ஸ்பேனர் மேல் ஸ்பேனர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து பூட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நினைத்தது நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் எதிர்பார்த்த ருசி இல்லை. மகள் அழுவாள் என்று பார்த்தார், அவள் அழவில்லை. தரையில் கிடந்த கந்தல் துணியை மறுபடியும் வெறித்தாள். பிறகு விருட்டென்று எழுந்து காரின் முன் சீட்டிலிருந்து தன் வேலைப் பெட்டியை எடுத்து வந்தாள். பெட்டியிலிருந்து பெரிய சிரிஞ்சு ஒன்றை உறை பிரித்து எடுத்தாள்.

"அப்பா, கட்டை விரலை நீட்டுங்க."

"எதுக்கு? இருக்கற ரத்தம் இன்னைக்குக் கொதிச்சே வத்திப்போச்சு."

"ஊசி இல்லப்பா. நீட்டுங்க."

ஊசி மாட்டும் முனையில் அவர் கட்டை விரலை வைத்து, "இறுக்கி அடைங்க. காத்து போகக் கூடாது. உங்க பூட்டு மாதிரி" என்றாள்.

இறுக்கி அடைத்தார். அவள் பின்பக்கத்தை இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கொஞ்சம் வந்தது. வர வரப் பெரியவரின் விரல் தோல் துளைக்குள் இழுபட்டது. ஏதோ அட்டைப்பூச்சி கவ்வினாற்போல.

"விடுடி! பிடிச்சு இழுக்குது!"

அவள் கையை விட்டாள். இழுத்த தண்டு 'டக்'கென்று தானாகவே உள்ளே பாய்ந்து பழைய இடத்தில் நின்றது.

"யாரு தள்ளினா அதை?" என்றாள்.

பெரியவர் சிரிஞ்சையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை. இப்ப நான் இழுத்துப் பிடிச்சிருக்கேன். நீங்க விரலை எடுங்க."

எடுத்தார்.

"உஸ்."

சின்ன சத்தம்தான். ஆனால் அதே சத்தம். டேங்க் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவர் காது குளிரக் கேட்ட அதே சத்தத்தின் குட்டி.

"அப்பா, நீங்க மூடியைத் திறந்தப்ப இந்தத் துணி டேங்கு வாய்ப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. நான் பார்த்தேன். ஆவி வெளிய சீறினா துணி என் பக்கம்ல பறக்கணும்? அது சீறலப்பா. உறிஞ்சுது."

ஸ்பேனர் விழும் சத்தம் நின்றிருந்தது. மருமகன் கோணிப்பையைப் போட்டுவிட்டு வந்தான். பூட்டு மூடியை எடுத்து வாயில் வைத்து ஊதினான், உறிஞ்சினான். கன்னம்தான் உப்பியது, ஒட்டியது. காற்று எந்தப் பக்கமும் போகவில்லை.

"பழைய மூடி எங்க மாமா?"

"எதுக்கு?"

"எங்கன்னு கேட்டேன்."

எதையும் தூக்கி எறிகிற வழக்கம் பெரியவருக்கு இல்லை. பழைய மூடி இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு பத்திரமாக இருந்தது. அவரே போய் எடுத்து வந்தார். அவர் பின்னாலேயே மனைவியும் வந்து ஷெட்டு வாசலில் நின்றாள். ஸ்பேனர் மூட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆனால் எதுவும் கேட்கவில்லை.

பழைய மூடியில் மருமகன் உதட்டைப் பொருத்தி ஊதினான். மெல்லிய விசில் போலக் காற்று உள்ளே போனது.

"போச்சா? இந்த வண்டிக்கு மூடி வழியாத்தான் மூச்சு. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காத்து வந்தாகணும். இந்த மூடியில அதுக்கு ஒரு சின்ன வழி இருக்கு. நீங்க வாங்கினது வேற வண்டி மூடி. அந்த வண்டிக்கு மூச்சு வேற பக்கம் வச்சிருப்பான், அதனால மூடியை முழுசா அடைச்சிருக்கான். அதைக் கொண்டாந்து இதுக்குப் போட்டா? பெட்ரோல் போகுது, காத்து வரலை. பம்பு இழுக்க இழுக்க டேங்கு பின்னால பிடிச்சு இழுக்குது. கடைசியில டேங்கு தன் வயித்தையே உள்ள இழுத்துக்கிச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்று நெற்றியில் அடித்துக்கொண்டான். பம்பர் இடித்த அதே இடம். "ஆ! ...அடக் கடவுளே! ஷெட்டுல ஏன் பட்டு மாதிரி ஓடுச்சு? மாமா, பெட்ரோலை வடிக்கறதும் நீங்க, சோதிக்க நான் கொஞ்சம் ஊத்தினதும் மூடியை என்கிட்ட கொடுக்காம கையிலேயே வச்சுக்கிட்டு இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கறதும் நீங்க! மூடி இல்லாத டேங்குக்கு என்ன நோவு? நோயைக் கையில பிடிச்சுக்கிட்டு நீங்க உட்கார்ந்திருந்தீங்க, நான் நோயாளியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்!"

"கதை" என்றார் பெரியவர். "காத்து தகரத்தை நசுக்குமா? காத்துக்கு என்ன கை இருக்கா?"

"காட்டட்டுமா?"

வெட்டவெளி முற்றத்துக்கு டேங்கைத் தூக்கிப் போனான். அந்தப் புதுப் பம்பை மறுபடி அதற்குள் பொருத்தி, வடித்த பெட்ரோலில் கொஞ்சம் ஊற்றி, நீள ஒயர் இழுத்துத் தூரத்தில் பேட்டரியில் கொடுத்தான். பம்பிலிருந்து வந்த குழாயை கேனுக்குள் விட்டான். பெட்ரோல் கேனுக்குள் கட்டை விரல் பருமனில் விழுந்தது. ஒழுங்கான ரீங்காரம்.

"பூட்டுங்க மாமா. உங்க கையாலயே பூட்டுங்க. அப்புறம் நான் ஏதோ வித்தை காட்டிட்டேன்னு சொல்லக் கூடாது."

பெரியவர் குனிந்து தன் மூடியைப் போட்டு, சாவியைத் திருகி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். அதற்குள் ரீங்காரம் மாறியது. கனத்தது. பிறகு கூர்மையாக, கொசு காதோரம் பாடுவது போல ஏறியது. கேனில் விழுந்த பெட்ரோல் சுண்டு விரல் அளவாயிற்று, நூலாயிற்று, சொட்டாயிற்று. அப்போது யாரும் தொடாத டேங்கின் வயிறு, நாலு பேர் கண்ணெதிரே, 'க்ரக்' என்று முனகிக்கொண்டு உள்ளே போனது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் இரண்டடி பின்வாங்கினார்.

"திறங்க மாமா! பம்பு வெந்துடும், திறங்க!"

சாவி துளையில் ஏறவில்லை. மகள் அவர் கையைப் பிடித்துத் துளையில் ஏற்றினாள். திருகினார்.

உஸ்ஸ்ஸ்... டொம்!

பெட்ரோல் குபுக்கென்று கேனில் பாய்ந்தது. ரீங்காரம் இறங்கி ஒழுங்காயிற்று. மருமகன் ஒயரைப் பிடுங்கினான்.

பாலம் பெரியவரின் கண்முன் வந்தது. கிரீச்சிட்ட லாரி. ஒரு முழம். லாரியை அந்த ஒரு முழத்துக்குக் கொண்டுவந்தது அவர் இடுப்பில் குலுங்குகிற சாவியா? ஆனால் லாரி ஓட்டிய ஆள். சறுக்கினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று கை தானாகவே தேடும்.

"சரி, ஒரு தடவை நடந்திருக்கு. ஒரு தடவை நடந்தா நிசமாயிடுமா? அப்படியே நிசம்னாலும் நான் எதுக்குப் பூட்டினேன்? பெட்ரோலைத் திருடினான் ஒருத்தன். அதனால பூட்டினேன். பூட்டினதும் களவு நின்னுச்சு. திருட்டுப்பய யாருன்னு சொல்லுங்க, அவன்தான் பம்பைக் கொன்னவன். வண்டி வீட்டுக்குள்ள நிக்குது. ஷெட்டும் வீட்டுக்குள்ள இருக்கு. நான் வாயைத் திறக்க வேணாம்னு பார்க்கறேன்."

மருமகன் சிரித்துவிட்டான். கசந்து போன சிரிப்பு. "அதான் பார்த்தேன், இன்னும் என் பக்கம் வரலையேன்னு." கோணிப்பையை நோக்கி மறுபடி நடந்தான்.

"மாப்பிள்ளை, நில்லுங்க" என்றாள் பெரியவரின் மனைவி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் இதுவரை ஷெட்டு விவகாரத்தில் வாய் திறந்ததில்லை.

"யாரும் திருடல. நான்தான் போனேன்."

"எங்க போன?"

"வண்டியிலதான். பாப்பா ஓட்டினா. நீங்க மத்தியானம் தூங்கற நேரத்துல போயிட்டு, எழுந்திரிக்கறதுக்குள்ள வந்துடுவோம்."

பெரியவர் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புளுகாத. வண்டியில போனதுன்னா, பூட்டின அப்புறமும் முள்ளு இறங்கியிருக்கணும். மூடியைப் பூட்டினா வண்டி ஓடாமலா போகும்? ஏன் இறங்கல?"

"நீங்க பூட்டு மாட்டிட்டு அன்னைக்குப் போட்ட கூச்சல்ல எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. அதுக்கப்புறம் பஸ்ஸுல போறேன். களவை நிப்பாட்டினது உங்க பூட்டு இல்லங்க. என் பயம்."

மருமகனுக்கே இது புதுச் செய்தி என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது. கையில் ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது.

"யாரைப் பார்க்கப் போன?"

மனைவி முந்தானையைச் சரி செய்துகொண்டாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பெத்தவ வேற யாரைப் பார்க்கப் போவா? மூத்தவனைத்தான்."

பெரியவர் ஷெட்டுக்குள் ஸ்டூலுக்குப் போனார். புதுப் பூட்டைக் கையில் எடுத்தார். மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அவர் ஷெட்டுக் கதவருகே போனார். நாதாங்கியைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துக்கொண்டார். கதவைக் கடந்து, வாசல் கேட்டையும் கடந்து தெருவில் இறங்கினார்.

"ஏங்க, பூட்டைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?" என்று மனைவி கூப்பிட்டாள். "அப்பா!" என்றாள் மகள்.

அவர் காதில் விழவில்லை. தலைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேனாக் கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண். ஒவ்வொரு முறையும் அதே நகக்கண். வாழ்நாளெல்லாம் எண்ணெய்க்குத் தூரம் பார்த்தே ஓட்டிய மனுசன். போக வர ஒரு நகக்கண் என்றால், போக அதில் பாதி. பாதி நகக்கண்ணுக்கு இந்த வண்டி எவ்வளவு தூரம் போகும்? பாலத்தைத் தாண்டினால் மரக்கடை. அதைத் தாண்டினால் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேல் போகாது.

தண்ணீர்த் தொட்டி! கண்காணாத தூரத்தில் இருப்பதாக மனைவி சொன்ன மூத்தவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலா இருக்கிறான்? இவர் பல் வலிக்கு மருந்து வாங்கப் போகிற தெருவிலா?

"பொய்" என்றார் சத்தமாக. எதிரே வந்த ஆள் ஒதுங்கி வழிவிட்டான். "எல்லாம் கூட்டுச் சேர்ந்து சொல்ற பொய். மூடிக்கு மூச்சு வேணுமாம். மூத்தவன் முக்குல இருக்கானாம். எவன் நம்புவான்?"

இடுப்புச் சாவிகள் குலுங்க, பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பாலத்துப் பக்கம் நடந்தார்.